நாலடிக்கு மூணு இஞ்ச் கம்மி!

எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் சுற்றுவதற்கு இரண்டு சமாசாரங்கள் உண்டு. ஒன்று, ஆடிச் சுற்று. ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதும் ஜனங்கள் கோயிலைச் சுற்ற ஆரம்பித்துவிடுவார்கள். 101 சுற்று, 108 சுற்று, 501 சுற்று என்று வேண்டுதல். கோமதி அம்பாள் ஒற்றைக் காலில் நின்று தபசு பண்ணுகிறாள், அந்தக் கால்வலியில் நாமும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்வோமே என்று ஒரு நம்பிக்கை. இன்னொன்று, அதே தபசுக்கு லாரியில் வந்து இறங்குகிற ஜயன்ட் வீல். முதல் சுற்றுக்கு டிக்கெட் கிடையாது, தலையும் சுற்றாது. இரண்டாவதற்கு இரண்டும் உண்டு.

நான் முதல் கட்சி. ஜென்மத்துக்கும் முதல் கட்சி.

காரணம், 1987 தபசு. எனக்குப் பத்து வயசு. சித்தப்பா ஆசையாகக் கூட்டிப்போய் ராட்டினத்தில் ஏற்றிவிட்டார். மூன்றாவது சுற்றில் என் பெட்டி உச்சியில் போய் நின்றுவிட்டது. கீழே ஆள் இறக்குகிறார்களாம். உச்சியில் நான். எனக்குள்ளே இரண்டு கிளாஸ் ரோஸ்மில்க், ஒரு பொட்டலம் மிளகாய் பஜ்ஜி. நேர் கீழ்ப் பெட்டியில் ஒரு புதுமாப்பிள்ளை. பட்டு வேட்டி, பட்டுச் சட்டை. மீதியை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அன்றைக்குச் சித்தப்பா என்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிய ஓட்டத்தை ஒலிம்பிக்காரர்கள் பார்த்திருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

இதைக் கண்டுபிடித்த புண்ணியவான் யார் என்று பிற்பாடு தேடிப் பார்த்தேன். ஜார்ஜ் ஃபெர்ரிஸ் என்று ஒரு அமெரிக்க இன்ஜினீயர். 1893-ல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியில் 264 அடி உயரத்துக்கு ஒன்றைத் தூக்கி நிறுத்தியிருக்கிறார். 36 பெட்டி, பெட்டிக்கு 60 பேர். கீழ்ப் பெட்டியில் ஒன்றுக்கு 60 புதுமாப்பிள்ளைகள் இருந்திருந்தால் என் கதி என்ன என்று நினைத்துப் பார்த்தேன். அன்று ராத்திரி சரியாகத் தூங்கவில்லை.

அதற்கப்புறம் நான் எதிலும் ஏறவில்லை. ஏறவில்லை என்பது யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன், அதுதான் சாமர்த்தியம். 1995-ல் தாம்பரம் பக்கம் கிஷ்கிந்தா திறந்ததும் காலேஜ் தோழர்கள் கிளம்பினார்கள். எனக்கு 'ஆச்சி சீரியஸ்'. (ஆச்சி அப்புறம் பதினோரு வருஷம் திடகாத்திரமாக இருந்தாள்.) கல்யாணமான வருஷம் தபசுக்கு என் மனைவி ராட்டினத்தைக் காட்டியபோது, "டிக்கெட் தீந்துபோச்சாம்" என்றேன். ராட்டினத்துக்கு எப்படி டிக்கெட் தீரும் என்று அவள் கேட்கவில்லை. ஒரு மாதிரி பார்த்தாள், அவ்வளவுதான். 2019-ல் எங்கள் ஊர் உட்கார்ந்த இடத்திலேயே திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தென்காசி மாவட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்குப் பிடித்த பயணம் அந்த மாதிரிப் பயணம்தான்.

இத்தனை வருஷத்துப் பொய்க்கும் வட்டியும் முதலுமாக 2014 மே மாசம் பில் வந்தது.

மச்சினன் சென்னையில் இருக்கிறான். (மச்சினனோ மாமனோ சென்னையில் இல்லாத நெல்லைச் சீமைக்காரன் உண்டா, சொல்லுங்கள்!) "அத்தான், லீவுக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க. தீம் பார்க் போவோம்" என்று போன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டுப் பேசியது என் தப்பு. என் பையனுக்கு அப்போது ஏழு வயசு. போனை வைப்பதற்குள் தெரு பூராவும் செய்தி போய்விட்டது. "ரோலர் கோஸ்டர்ல ஏறப் போறேன்!" பக்கத்து வீட்டுப் பயல் நம்பவில்லை. "நீ ஏறிட்டு வந்தா என் பந்து உனக்கு. ஏறலைன்னா உன் பேட்டு எனக்கு." பந்தயம் கட்டியாகிவிட்டது. மேனேஜரிடம் நான் மூன்று நாள் லீவு வாங்குவதற்குப் பட்ட பாட்டை இன்னொரு சந்தர்ப்பத்தில் சொல்கிறேன். பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினோம்.

முதல் நாள் போன பூங்காவின் பெயர் வேண்டாம். அவர்கள் மேல் ஒரு குறையும் இல்லை. குறை, பின்னால் தெரியும், என் மேல்தான்.

டிக்கெட் கவுண்டரில் சுவரோரமாக ஒரு கோடு போட்டிருந்தார்கள். அந்தக் கோட்டுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு டிக்கெட் குறைவு. என் பையன் கோட்டுக்கு ஒரு விரல் மேலே இருந்தான். மாசச் சம்பளக்காரன் மூளை சும்மா இருக்குமா? குனிந்து அவன் காதில் சொன்னேன்: "ஏலே, முட்டியை லேசா மடக்கிக்கோ." மடக்கினான். தத்ரூபமாக மடக்கினான். சில நூறு ரூபாய் மிச்சம். மனைவியைப் பெருமையாகப் பார்த்தேன். அவள் கடல் இருக்கும் திசையில் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளே போனதும் பையன் நேராக ரோலர் கோஸ்டருக்கு ஓடினான். மச்சினனும் அவன் மகளும் பின்னால். அவளுக்கு ஒன்பது வயசு, பனைமரம் மாதிரி வளர்த்தி. அங்கே வாசலில் ஒரு கம்பு நட்டிருந்தது. நாலடி. அவள் தலை கம்பைத் தாண்டியது. உள்ளே போய்விட்டாள். என் பையன் போய் நின்றான். குதிகாலைத் தூக்கினான். காவலுக்கு நின்றவர் ரொம்ப நல்ல மனுஷர். அவன் தோளில் கை வைத்து மெல்ல அமுக்கிவிட்டு, "மூணு இஞ்ச் கம்மி கண்ணு. அடுத்த தடவை வா" என்றார்.

அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. என்னைப் பார்த்து அவன் கேட்டது இதுதான்:

"அங்க மடக்கினேனேப்பா... அதனாலதான் கொறஞ்சிட்டா?"

நண்பர்களே, 27 வருஷம் கழித்து மறுபடியும் உச்சியில் நின்ற மாதிரி இருந்தது எனக்கு. இந்தத் தடவை கீழே யாரும் புதுமாப்பிள்ளை இல்லை. நானேதான் இருந்தேன்.

"அதெல்லாம் இல்லலே" என்று ஏதோ உளறினேன். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். பிறகு பெரிய மனசு பண்ணி, "சரி, நீங்க போயிட்டு வாங்கப்பா. எப்படி இருந்துச்சுன்னு எனக்குச் சொல்லுங்க. நான் தெருவுல சொல்லணும்" என்றான். மச்சினன் உள்ளே இருந்து, "வாங்கத்தான், உங்களுக்கு சீட் பிடிச்சு வச்சிருக்கேன்!" என்று கத்தினான்.

"எனக்கு... முதுகு வலிக்குடா" என்றேன். வலி என்று காட்டுவதற்காகக் கையை முழங்காலில் வைத்தேன். அவசரத்தில் முதுகு எங்கே இருக்கிறது என்று மறந்துவிட்டது. பையன் என் கையைப் பார்த்தான். முழங்காலைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை.

ஆக, காலை பத்தரை மணி. சாயங்காலம் வரைக்கும் பூங்காவில் இருந்தாக வேண்டும். ஏற முடியாத ஒருத்தனும் ஏற மாட்டாத ஒருத்தனும்!

எதிரே ஒரு சிமென்ட் பெஞ்ச். உட்கார்ந்தோம். நான் கடலை வாங்கினேன். (அப்பாமார்கள் பெஞ்சில் உட்கார்ந்து கடலை தின்பதைக் கேவலமாக நினைக்காதீர்கள். வால்ட் டிஸ்னி லாஸ் ஏஞ்சலஸில் ஒரு பூங்காவில் தன் பெண்களைக் குடை ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்தபோதுதான், 'பெரியவங்களும் பிள்ளைகளும் சேர்ந்து ஆடுற மாதிரி ஒரு இடம் இல்லையே' என்று அவருக்குத் தோன்றியதாம். 1955-ல் டிஸ்னிலாண்ட் வந்தது. நம் கடலையில் இதுவரை அப்படி எதுவும் வரவில்லை.)

அந்த பெஞ்ச் தற்செயலாக ரோலர் கோஸ்டரின் வெளியே வரும் வாசலுக்கு நேராக இருந்தது. ஏறும் வாசலில் எல்லா முகமும் ஒரே மாதிரி, சிரிப்பு. இறங்கும் வாசலில்தான் சார் வேடிக்கை! ஒரு சபாரி சூட்காரர் உள்ளே போகும்போது மீசையை முறுக்கிக்கொண்டு போனார். வரும்போது ஒரு காலில் செருப்பு இல்லை. அது இல்லை என்பது அவருக்கும் தெரியவில்லை. என் பையனுக்கு முதன்முதலாக உதடு கோணியது.

"பத்துக்கு எவ்வளவுல குடுக்கலாம்?" என்றேன்.

"ரெண்டு" என்றான்.

அவ்வளவுதான், விளையாட்டு பிடித்துக்கொண்டது. நடக்கிற நடைக்கு நாலு மார்க். முகத்துக்கு நாலு மார்க். 'சே, இவ்வளவுதானா!' என்று பொய் சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கு இரண்டு மார்க் கட். ஒரு காலேஜ் கும்பல் வந்தது. ஒருத்தன் மட்டும் பேசாமல் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு, போஸ்ட் கம்பத்தைக் கட்டிப்பிடித்து நின்றான். அவனுக்குப் பூஜ்யம் போடப் போனான் பையன். "வேண்டாம்ல, பாவம், ஒண்ணு போடு" என்று நான் வக்காலத்து வாங்கினேன். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. ஒரு பாட்டி, எழுபது வயசிருக்கும், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கம்பீரமாக இறங்கி வந்து, "இன்னொருக்கா போலாமாடா?" என்று பேரனைக் கேட்டாள். இருவரும் எழுந்து நின்று பத்துக்குப் பத்து போட்டோம். மச்சினன் வந்தான். தலைமுடி நட்டுக்கொண்டிருந்தது. "சூப்பர் அத்தான்! நீங்க மிஸ் பண்ணிட்டீங்க" என்றான். பையன் என் காதில், "ஆறு" என்றான்.

சாப்பாட்டு நேரத்துக்கு ரோலர் கோஸ்டரைக் கொஞ்சம் நிறுத்தினார்கள். கிரீஸ் கறை படிந்த சட்டையோடு ஒரு மெக்கானிக் வந்து எங்கள் பெஞ்சிலேயே டிபன் பாக்ஸைத் திறந்தார். பையன் சும்மா இருப்பானா? "அண்ணாச்சி, மேல ஏறும்போது கட கட கடன்னு சத்தம் வருதே, அது என்ன?" 'அண்ணாச்சி' என்ற வார்த்தையைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அவரும் தென்னாட்டுப் பக்கம் போல. தயிர்சாதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பாடம் எடுத்தார்.

அந்தப் பெட்டியில் இன்ஜினே கிடையாதாம்! அடியில் ஓடுகிற ஒரு சங்கிலிதான் கொக்கி போட்டு மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போகிறது. உச்சியில் விட்டுவிடும். அதற்கப்புறம் எல்லாம் தன் கனத்தில் உருண்டு ஓடுவதுதான். அதனால்தான் முதல் மேடு எப்போதும் மற்ற மேடுகளைவிட உயரம். ஓட ஓட வேகம் உராய்வில் குறையும். குறைந்த வேகத்தில் முதல் மேட்டைவிட உயரமான மேடு ஏறாது. அந்த 'கட கட' என்னவென்றால், சங்கிலி அறுந்தாலும் பெட்டி பின்னால் உருண்டுவிடாமல் ஒவ்வொரு பல்லாக விழுந்து பிடித்துக்கொள்ளும் ஒரு இரும்பு நாக்கு.

"எங்க தெருவுல தறியிலயும் இப்படிப் பல்லுச் சக்கரம் இருக்குமே!" என்று குதித்தான் பையன். உண்மைதான். சங்கரன்கோவிலில் எந்தத் தெருவில் நின்றாலும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். நெய்த துணியைச் சுருட்டுகிற உருளை பின்னால் கழன்றுவிடாமல் பிடித்துக்கொள்வதும் அதே மாதிரிச் சக்கரமும் நாக்கும்தான். தினம் அந்தச் சத்தத்தில் தூங்கி எழுகிற எனக்கு அது தோன்றவில்லை.

பையன் கடைசியாக ஒரு கேள்வி கேட்டான். "அந்தக் கம்பு எதுக்கு?"

மெக்கானிக் அவனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் மடிக்கும் தன் கைக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் காட்டினார். "சீட்ல இடுப்புக்கு ஒரு கம்பி வரும்லா? அது பெரிய ஆளு அளவுக்குச் செஞ்சது. உனக்கு இவ்வளவு சந்து விழும். வளைவுல தூக்கிப் போட்டா அந்தச் சந்துல நீ வழுக்கிருவ. உன்னைய வேண்டாம்னு சொல்லத கம்பு இல்லய்யா அது. கம்பிக்கு இன்னும் உன் சைஸ் வரலை, அவ்வளவுதான்."

காலையில் நான் சொல்லியிருக்க வேண்டியது. எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் டிக்கெட் கவுண்டரில் முட்டியை மடக்கச் சொன்ன வாயால் எப்படிச் சொல்வது?

அப்புறம் பொழுது போனதே தெரியவில்லை. கண்ணாடி அறை ஒன்று இருந்தது. ஒரு கண்ணாடியில் பையன் எட்டடி உயரம். அதன் முன்னால் பத்து நிமிஷம் நின்றான். "இதைத் தூக்கிட்டுப் போயி அந்தக் கம்புகிட்ட வைக்கலாமாப்பா?" பக்கத்துக் கண்ணாடியில் நான் இரண்டடிக்குக் குண்டாகத் தெரிந்தேன். "நீங்க இனிமே எதுலயும் ஏற முடியாது" என்றான். எனக்கு அந்தக் கண்ணாடி ரொம்பப் பிடித்திருந்தது.

பலூன் சுடும் கடை வந்ததும் நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டேன். இது நம் பேட்டை! தபசுக் கடைகளில் சில்லறையை எல்லாம் தொலைத்துக் கற்ற வித்தை. அந்த ஏர்கன்களில் குறி முள் நேராக இருந்தால் அது அதிசயம். அதனால் முதல் குண்டைப் பலூனுக்குச் செலவழிக்கக் கூடாது. துப்பாக்கி எந்தப் பக்கம் பொய் சொல்கிறது என்று பார்ப்பதற்கு மட்டும்தான் முதல் குண்டு. இடது பக்கம் நாலு விரல் போனால், அடுத்த குண்டுக்கு வலது பக்கம் நாலு விரல் தள்ளிக் குறி. பையனுக்குச் சொல்லிக் கொடுத்தேன். பத்துக்கு ஏழு! மச்சினன் நேராகக் குறி பார்த்து நேராக எல்லாவற்றையும் விட்டான். வளையம் வீசுகிற கடையில் எனக்கு ஒரு சோப்பு கிடைத்தது. தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. குழாயில் தண்ணீர் வரும் நாளுக்குக் காத்திருக்கிற தெருவிலிருந்து வந்த பிள்ளைக்கு, தலைக்கு மேலே ஒரு தொட்டி நிரம்பி நிரம்பித் தானாகக் கவிழ்கிறது என்றால் வேறென்ன வேண்டும்? முட்டளவுத் தண்ணீர்தான். அங்கே கம்பு கிடையாது. ஒன்றரை மணி நேரம் கழித்து, விரல் நுனியெல்லாம் திராட்சை வத்தலாகச் சுருங்கிய பிறகு வெளியே இழுத்தோம்.

மறுநாள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி. பூங்கா. போனதே சிலை மனிதனைப் பார்க்கத்தான். தவணை முறையில் சாமான் விற்று ஊரெல்லாம் பேர் வாங்கிய வி.ஜி.பன்னீர்தாஸ், லண்டன் அரண்மனைக் காவலர்கள் அசையாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்து வைத்த ஏற்பாடு என்று சொல்வார்கள். ராஜா காலத்துக் காவலாளி உடுப்பு, தலைப்பாகை, மீசை. மணிக்கணக்கில் நிற்பார். சிரிக்க மாட்டார். நீங்கள் தலைகீழாக நின்றாலும் சிரிக்க மாட்டார்.

பையன் கோதாவில் இறங்கினான். வடிவேலு மாதிரிப் பேசிக் காட்டினான். எங்கள் ஆபீஸ் மேனேஜர் மாதிரி நடந்து காட்டினான். (இது எப்போது கவனித்தான்?) பொய்யாகத் தும்மினான். நான் சிரித்தேன், மனைவி சிரித்தாள், ஐஸ்கிரீம்காரர் சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. வேறு பிள்ளை என்றால் சலித்துப் போயிருக்கும். இவன் திடீரென்று அவருக்குப் பக்கத்தில் போய், அவரை மாதிரியே விறைப்பாக நின்றுகொண்டான். "அம்மா, டைம் பாரு."

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் நாற்பது விநாடி தாங்காத பிள்ளை. ஒரு நிமிஷம் ஆனது. இரண்டு ஆனது. வேறு வீட்டுப் பிள்ளைகள் வந்து இவனைச் சிரிக்க வைக்க முயற்சி பண்ண ஆரம்பித்தன! யாரோ இருவரையும் சேர்த்துப் போட்டோ எடுத்தார்கள். ஒரு ஈ வந்து மூக்கில் உட்கார்ந்தது. கண் மட்டும் மாறுகண்ணாகி அந்த ஈயைப் பார்த்தது. உடம்பு அசையவில்லை. நாலு நிமிஷம் பத்து விநாடி! கடைசியில் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டு ஓடி வந்தான். அந்த மனிதர் அப்படியே நின்றார். ஆனால் அவர் மீசை ஓரம் ஒரு தடவை துடித்தது என்று பையன் இன்றைக்கும் சாதிக்கிறான்.

திரும்பும்போது ரயிலில் பந்தய ஞாபகம் வந்துவிட்டது. மேல் பெர்த்திலிருந்து தலையை நீட்டி, "அப்பா, பேட்டைக் குடுக்கணுமே" என்றான்.

எனக்கு மனசு கேட்கவில்லை. "ஏறினேன்னு சொல்லிருல. அந்தச் சங்கிலி, கட கட சத்தம் எல்லாம்தான் உனக்குத் தெரியுமே. கேட்டா நம்பிருவான். யாருக்குத் தெரியப் போகுது?" இருபத்தேழு வருஷ அனுபவம் பேசுகிறது! மனைவி இருட்டில் ஒரு தடவை இருமினாள். பையன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான்.

காலையில் வீட்டு வாசலில் ஆட்டோ நின்றதும் பக்கத்து வீட்டுப் பயல் ஓடி வந்தான். "ஏறினியால?"

"இல்லல. மூணு இஞ்ச் கம்மியாம்." உள்ளே போய் பேட்டை எடுத்து வந்து கொடுத்துவிட்டான். கொடுத்த கையோடு, "ஆனா அது எப்படி ஓடுதுன்னு எனக்குத் தெரியும். தறிக்கடைக்கு வா, காட்டுதேன்" என்றான். இருவரும் போய்விட்டார்கள். எனக்கு ஆட்டோக்காரருக்குக் காசு கொடுக்கக்கூடக் கொஞ்ச நேரம் கை வரவில்லை.

அன்றைக்கு ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தபோது சொல்லிவிட்டேன். "ஏலே, அன்னைக்கு எனக்கு முதுகு வலி இல்லல."

"தெரியும். நீங்க முட்டியில்லா பிடிச்சீங்க."

"பயம்லே. ராட்டினம்னாலே பயம். உன் வயசுக்குக் கொஞ்சம் கூட இருக்கும்போதே." ரோஸ்மில்க், மிளகாய் பஜ்ஜி, புதுமாப்பிள்ளை எல்லாம் சொன்னேன். பட்டு வேட்டி வரும்போது அவன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடியில் விளக்கு எரிந்தது. கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.

"அப்போ நான் மூணு இஞ்ச் வளந்தாலும் நீங்க வர மாட்டீங்க?"

"மாட்டேன்ல."

"சரி. கீழ நின்னு செருப்பைப் பாத்துக்கிடுங்க."

அந்தப் பக்கம் படுத்திருந்த மனைவியிடம், "உனக்கு இது தெரியுமா?" என்று கேட்டேன். "டிக்கெட் தீந்துபோச்சுன்னு சொன்னீங்களே, அன்னைக்கே தெரியும்" என்றாள். ஒன்பது வருஷம் சார்!

ஆகஸ்டில் தபசு வந்தது. சாயங்காலம் சங்கரநாராயணர் காட்சி. ஜனங்கள் பருத்தி, மிளகாய் வத்தல் என்று வயலில் விளைந்ததையெல்லாம் சூறையிட, பையன் கூட்டத்துக்குள் புகுந்து ஒரு கைப்பிடி பருத்தியோடு வந்தான். மச்சினன் குடும்பமும் வந்திருந்தது. ராத்திரி எல்லோருமாகக் கடைகளைச் சுற்றிவிட்டு ராட்டினத்துக்கு வந்தோம். நம் ஊர் ராட்டினத்தில் கம்பெல்லாம் கிடையாது. "கூட ஆள் யாரு?" என்று மட்டும் கேட்டார் ராட்டினக்காரர்.

"மாமா" என்றான் பையன், என்னைப் பார்த்துக்கொண்டே. செருப்பைக் கழற்றி என் கையில் கொடுத்தான். மச்சினன் செருப்பையும் வாங்கிக்கொண்டேன். இரண்டு ஜோடியையும் மார்போடு அணைத்துக்கொண்டு கீழே நின்றேன். பெட்டி ஏறியது. எங்கள் ராஜகோபுரம் 125 அடி, ஒன்பது நிலை. சீரியல் பல்பு போட்டு ஜெகஜ்ஜோதியாக இருந்தது. உச்சியில் பெட்டி நின்றது. கீழே ஆள் இறக்குகிறார்களாம். எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"அப்பா! கோபுரம் தெரியுதுப்பா!"

"கம்பியப் பிடில! கோபுரத்தை அப்புறம் பாக்கலாம்!"

ஒரு வழியாக இறங்கினார்கள். நான் வெளியே வரும் வாசலுக்கு நேராகப் போய் நின்றுகொண்டேன். பையன் வந்தான். முகம் வெளிறியிருந்தது. ஒரு கால் இடது பக்கம் போனது, மறு கால் அதைத் தேடிக்கொண்டு போனது.

"எத்தனை மார்க்குப்பா?"

"நாலு."

"அவ்வளவுதானா?"

சட்டைப் பையில் தயாராக வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்துக் கொடுத்தேன். மூக்குக்குக் கிட்டே வைத்து நன்றாக இழுத்து முகர்ந்தான். பிறகு பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"மாமாவுக்கும் ஒண்ணு குடுங்கப்பா."

மச்சினன் டியூப்லைட் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, கண்ணை மூடியபடி நின்றிருந்தான்.